கல் நீங்கிய பின்னர்

மன்னார்க் கரையோரத்தில் வாழ்வோருக்கு முத்தின் பிறப்பைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் எதிரேயுள்ள கடற்பார்களில் கிடக்கும் சிப்பியின் உடலுள் ஏதோ ஓர் அந்நியப் பொருள் புகுகின்றது. சிப்பி அதனை வெளியே தள்ள மாட்டாமல், சுண்ணப் படலத்தை அதன்மேல் அடுக்கடுக்காகச் சுரந்து மூடிவிடுகின்றது. ஆண்டுகள் சில சென்றபின் அது முத்தாகின்றது. அம்முத்தைத் தேடி அரபு நாட்டாரும், போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், ஆங்கிலேயரும் இக்கரைக்கு வந்தனர் என்பது யாவரும் அறிந்த வரலாறு.

மனித உடலினுள்ளும் இவ்வாறு அடுக்கடுக்காகக் கல் வளர்வதுண்டு. சிறுநீரில் கரைந்திருக்க வேண்டிய உப்புக்கள், நீர் குறைந்தவிடத்துக் கரைய மாட்டாமல் மணியாகத் திரள்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கல்சியமும் ஒட்சலேற்றும் கூடியவை. சிப்பிக்குள் வளரும் கல்லை மனிதன் விலை கொடுத்து வாங்குகின்றான். தன்னுள் வளரும் கல்லை நீக்குவதற்கும் விலை கொடுக்கின்றான்.

இக்கல்லை எப்படி எடுப்பது என்பது பற்றி வைத்திய வரலாறு ஏராளமாகப் பேசியிருக்கின்றது. எடுத்த பின்னர் அம்மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதைப் பற்றி அது குறைவாகவே பேசியிருக்கின்றது. இன்றைய பேச்சில் அந்த இரண்டாவது வினாவைப் பின்தொடர்ந்து செல்வோம்.

முதலில் நமது கரையைச் சற்று நோக்குவோம். மன்னார்த் தீவு இலங்கையின் வறண்ட நிலப்பகுதிகளுள் ஒன்று. வடகீழ்ப் பருவக் காற்றின் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் பெய்து ஓய்ந்துவிடும். பின்னர் நீண்ட கோடை. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம் தன் பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து வைத்து அக்கோடையைக் கடக்கின்றது. மனித உடலுக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. விடியுமுன் வள்ளம் ஏறி உச்சி வெயிலிற் கரை திரும்பும் மீனவர், உப்பளத்திற் பாத்தி கிளறுவோர், பனையேறுவோர், கருவாடு உலர்த்தும் பெண்கள் ஆகிய இவர்கள் எல்லோரும் வியர்வையாகச் சொரியும் நீரை அன்றன்றே ஈடு செய்தாக வேண்டும். ஆனால் கடலிற் செல்வோர் குடிநீரை அளந்தே கொண்டு செல்வர். பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. உவர் நீரை எவரும் விரும்பிப் பருகார். சோற்றுக்குத் துணையாக வருவது பெரும்பாலும் கருவாடு. அதிலோ உப்பு மிகுதி. சிறுநீர் சுண்டுவதற்கும் கல் திரள்வதற்கும் வேண்டிய ஏதுக்கள் யாவும் இங்கே ஒருங்கே கூடியிருக்கின்றன.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். கல்லடைப்பு எனத் தமிழ் வைத்தியம் இதற்குப் பெயரிட்டது. சிறுபீளை, நெருஞ்சில் முதலிய மூலிகைகளைக் குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்பது பரம்பரை வழக்கு. அம்மூலிகைகளின் ஆற்றல் எத்துணையாயினும், அவற்றோடு வயிறாரப் பருகிய நீர் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை.

இனி, கத்தி கொண்டு கல்லை நீக்கிய வரலாற்றுக்கு வருவோம். பண்டைக் காலத்தில் வைத்தியன் கையெட்டிய இடம் சிறுநீர்ப்பை மட்டுமே. முதுகுப்புறத்தே ஆழத்தில் மறைந்திருக்கும் சிறுநீரகத்தை அவன் தொடவில்லை. கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, கல்லுக்காக அறுக்கும் வேலையை வைத்தியன் தானே செய்யாது, அத்தொழிலாளரிடமே விட்டுவிட வேண்டும் எனக் கூறுகின்றது. பாரத நாட்டுச் சுசுருத சங்கிதையோ அவ்வறுவையை விரிவாக விளக்குகின்றது. ஆயினும் அதுவும் அச்சத்தோடுதான் பேசுகின்றது. மருந்தினால் தீராதபோதே கத்தியை எடுக்க வேண்டும். அரசனிடம் அனுமதி பெற வேண்டும். கைதேர்ந்த வைத்தியனுக்கும் வெற்றி உறுதியன்று என்கின்றது.

நேயர்களே, சுசுருதர் நமது இன்றைய வினாவுக்கு விடை கூறத் தொடங்கியவர் என்பதைக் கவனித்தல் வேண்டும். கல்லை எடுத்தவுடன் அவர் ஏட்டை மூடிவிடவில்லை. நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்துமாறு கூறுகின்றார். முதல் நாட்களில் கஞ்சி, பின்னர் பாலும் வெல்லமும் சேர்த்த மென்மையான சோறு என உணவை நாள் வகுத்துத் தருகின்றார். புண் ஆறிய பின்னரும் ஓராண்டு வரை குதிரை, யானை, தேர் ஆகியவற்றில் ஏறலாகாது, மலையும் மரமும் ஏறலாகாது, நீரில் நீந்தலாகாது, கடின உணவு உண்ணலாகாது என்கின்றார். இவ்விதியை மன்னார்க் கரையில் நின்று வாசித்துப் பாருங்கள். அரசகுமாரனுக்கு யானையேற்றம் ஓராண்டு நின்றால் அரண்மனை பட்டினி கிடக்கப் போவதில்லை. பனையேறுபவனுக்கு மரம் ஏறாதே என்றும், முத்துக் குளிப்பவனுக்கு நீரில் இறங்காதே என்றும் கூறினால், அது அவன் வீட்டு அடுப்பைப் பற்றிய பேச்சாகிவிடும். நோய் தேறுதல் என்பது உடலின் காரியம் மட்டுமன்று, குடும்பத்தின் காரியமும் ஆகும் என்பது அங்கேயே தோன்றிவிடுகின்றது.

அடுத்து, 1658ஆம் ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரித் திங்களில் மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. மறு திங்கள் 26ஆம் நாள், கடல்கள் பல கடந்த இலண்டன் நகரில், சாமுவேல் பீப்சு என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் கல்லுக்கான அறுவைக்குத் தம்மை ஒப்படைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. தோமசு ஒல்லியர் என்னும் சத்திர வைத்தியர் அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்து பந்தளவான கல்லொன்றை எடுத்தார். பீப்சு பிழைத்தார்.

பிற்காலத்தில் ஆங்கிலக் கடற்படை நிர்வாகத்தில் உயர்ந்து, தம் நாட்குறிப்பினால் உலகப் புகழ் பெற்றவர் இவரே. கல் நீங்கிய பின் ஒரு மனிதன் வாழ்ந்த வாழ்வை அவனுடைய சொல்லாலேயே அறியக் கிடைப்பது அரிது. பீப்சின் நாட்குறிப்பு அவ்வரிய வாய்ப்பை நமக்கு அளிக்கின்றது. ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாளை அவர் நன்றித் திருநாளாகக் கருதி, இயன்றபோதெல்லாம் விருந்து வைத்துக் கொண்டாடினார். எடுத்த கல்லை எறிந்துவிடாமல், 1664ஆம் ஆண்டில் இருபத்தைந்து சிலிங் கொடுத்து அதற்கு ஒரு பேழை செய்வித்தார். 1669இல், அதே நோயினால் வருந்திய ஒருவருக்குத் துணிவூட்டும் பொருட்டு அக்கல்லைக் கொண்டு சென்று காட்டினார். தேறியவன் ஒருவன் முன்னே வந்து நின்று, 'நானும் இதனைக் கடந்தேன்' என்று காட்டுவதைக் காட்டிலும் நோயாளிக்கு ஆறுதல் வேறு உண்டோ?

எனினும் பீப்சின் கதை மகிழ்ச்சியோடு முடிந்துவிடவில்லை. குளிர் காலங்களில் வலி மீண்டும் வருமோ என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவேயில்லை. முதுமையில் பழைய அறுவைப் புண் மீண்டும் திறந்துகொண்டது. 1703இல் அவர் இறந்த பின்னர் உடலைத் திறந்து பார்த்தபோது, இடப்பக்கச் சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருந்தன. கத்தி ஒரு கல்லை நீக்கியது. கல்லை உண்டாக்கும் இயல்பை அது நீக்கவில்லை. இவ்வுண்மையை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் நன்கு கற்றுக்கொண்டோம் எனக் கூறுவதற்கில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் நகரத்துச் செசல்டன் என்பார், ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுக்கும் அளவுக்குக் கைவிரைவு பெற்றார். இலக்னோவில் வாழ்ந்த குளோட் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர், 1782ஆம் ஆண்டு, தாமே செய்த மெல்லிய அரமொன்றைச் சிறுநீர்க் குழாயினுள் செலுத்தித் தம் கல்லைத் தாமே சிறிது சிறிதாக அராவிக் கரைத்தார். இத்தனை திறமையும் துணிவும் சிறுநீர்ப்பையோடு நின்றன. அதற்கப்பாற் செல்வதற்கு மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வரவேண்டியிருந்தன. 1846இல் ஈதர் மயக்கம் உலகறிய வந்தது. 1867இல் இலிசுற்றர் தமது கிருமி நீக்க முறையை வெளியிட்டார்.

அதே 1867ஆம் ஆண்டில்தான் நமது யாழ்ப்பாணத்தில் 'இரண வைத்தியம்' என்னும் நூல் தமிழில் அச்சேறியது. 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியரின் முயற்சி அது. மேலைநாட்டுச் சத்திர வைத்தியத்தை நம்மவர் தாய்மொழியிற் கற்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. நோயாளிக்குத் தன் உடலில் நிகழ்வதைத் தன் மொழியில் விளக்குவதற்கு வேண்டிய சொற்களையும் அம்முயற்சி நமக்குத் தந்தது. அதன் பயனைப் பின்னர் காண்போம்.

1869ஆம் ஆண்டு செருமனியின் ஐடல்பேர்க் நகரிற் சீமோன் என்பார், சிறுநீரகம் ஒன்றைத் திட்டமிட்டு அகற்றினார். மற்றச் சிறுநீரகத்தைக் கொண்டு நோயாளி உயிர் வாழ்ந்தார். 1880இல் இலண்டன் நகரத்து என்றி மொறிசு, சிறுநீரகத்தைத் திறந்து கல்லை மட்டும் எடுத்து, உறுப்பைக் காத்தார். 1896இல் கிளாசுக்கோ நகரத்து மக்கின்ரயர் எக்ஸ் கதிரினாற் சிறுநீரகக் கல்லைப் படமெடுத்தார். அதுவரை தடவியும் ஊகித்தும் அறிந்த கல்லை அதன்பின் வைத்தியர் கண்ணாற் கண்டனர்.

இவ்வாறு வளர்ந்த திறந்த அறுவை முறையே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழங்கியது. விலாவின் கீழே நீளக் கீறித் தசைகளை வெட்டிச் சென்றே சிறுநீரகத்தை அடைய வேண்டும். உயிருக்கு வந்த ஆபத்துப் பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால், தேறுவதற்குப் பல வாரங்கள் ஆயின. சிலருக்கு வடுவைச் சுற்றி மரமரப்பும் நோவும் நிலைத்தன. சிலருக்கு விலாப்புறம் தளர்ந்து புடைத்தது. துடுப்பு வலிப்பவனுக்கும் வலை இழுப்பவனுக்கும் வேலை செய்வது அந்த விலாத் தசையே. வைத்தியசாலைப் பதிவேட்டில் 'சுகம்' என்று எழுதப்பட்ட ஒருவன், தன் வள்ளத்துக்குத் திரும்ப இயலாதவனாக இருத்தல் கூடும்.

மாற்றம் ஐம்பது ஆண்டுகளுக்குள் வந்தது. 1976இல் சுவீடன் நாட்டில் பேர்ன்சுத்துரோம், யோகான்சன் என்னும் இருவர், முதுகுத் தோலில் இட்ட சிறு துளை வழியே கல்லை எடுத்த செய்தியை வெளியிட்டனர். 1980ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், செருமனியின் மியூனிக் நகரிற் சவுசியும் அவர் தோழரும், உடலைக் கீறாமலே அதிர்ச்சி அலைகளை வெளியிலிருந்து செலுத்திக் கல்லைப் பொடியாக்கினர். பின்னர் சிறுநீர் வழியாகவே நுண்ணிய நோக்கியைச் செலுத்தி, இலேசர் ஒளியினாற் கல்லைத் தகர்க்கும் முறையும் பரவியது. முன்னர் வாரக்கணக்கிற் படுத்திருந்தவர், இன்று பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்புகின்றார்.

ஆயினும், காயம் சிறிதானமையால் தேறுதல் தானே வந்துவிடும் என எண்ணுதல் தவறு. கல்லை எடுத்தபின் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே மெல்லிய குழாயொன்றைச் சிலருக்கு வைத்தியர் வைத்து அனுப்புவர். ஸ்டென்ட் என அதனை அழைப்பர். வீக்கத்தினால் வழி அடைபடாமற் காப்பது அதன் பணி. அது உள்ளே இருக்குங்காலத்து அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதல், எரிவு, விலா நோவு, சிறுநீரில் இரத்தச் சாயல் ஆகியன தோன்றலாம். 2003இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியொன்று, குழாய் வைத்தோருள் ஐவரில் நால்வர் அளவினர் அன்றாட வாழ்வில் இவற்றால் இடர்ப்பட்டதைக் காட்டியது.

இத்தொல்லை தற்காலிகமானது, பெரிய ஆபத்து வேறொன்று. அக்குழாயைப் பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ எடுத்துவிட வேண்டும். நோவு தணிந்தவுடன் அதனை மறந்துவிட்டால், குழாயின் மீதே உப்புப் படிந்து புதுக்கல் வளரும். ஈற்றிற் சிறுநீரகமே பழுதாகும். கல்லை நீக்க வந்த பொருள் கல்லுக்குக் கருவாகிவிடும். சிப்பிக்குள் புகுந்த துகளின் கதையே ஈண்டு மீண்டும் நிகழ்கின்றது.

மறதி என்பது நோயாளியின் குற்றம் மட்டுமன்று. பருவந்தோறும் கரை மாறித் தொழில் செய்யும் மீனவருக்குக் கிளினிக் நாள் எப்போதும் வாய்ப்பாக அமைவதில்லை. ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாட் கூலியின் இழப்பு. போர்க் காலத்தில் நிலை மேலும் கடினமாயிற்று. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. 2015ஆம் ஆண்டிலேதான் அது தலைமன்னாருக்கு மீண்டும் ஓடியது. 1990ஆம் ஆண்டு ஐப்பசியில் மன்னார் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். பின்னைய ஆண்டுகளிலும் மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். வீட்டையே விட்டுச் சென்றவர்களிடம் வைத்தியச் சீட்டு எங்கே இருக்கும்? ஆதலால், வீடு திரும்பும் நோயாளியிடம் 'உங்கள் உடலில் ஒரு குழாய் இருக்கின்றது. இன்ன நாளில் அதை எடுக்க வேண்டும்' என அவர் மொழியிற் கூறி, எழுதிக் கொடுத்து, வீட்டார் ஒருவருக்கும் அறிவித்தல் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். கிறீன் வைத்தியர் தமிழில் நூல் எழுதியதன் பொருள் இங்கேதான் முழுமை பெறுகின்றது.

அண்மைக் காலத்தில் வைத்திய உலகம் புதியதொரு வினாவைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றது. முன்னர், 'நோயாளி பிழைத்தாரா?' என்றனர். பின்னர், 'கல் முழுவதும் நீங்கியதா?' என்றனர். இப்போது, 'அவர் எவ்வாறு வாழ்கின்றார்?' எனவும் கேட்கின்றனர். உறக்கம் எப்படி? வேலைக்குச் செல்ல முடிகின்றதா? நெடும் பயணத்துக்கு அஞ்சுகின்றாரா? வலி மீண்டும் வருமென்ற கவலை உண்டா? இத்தகைய வினாக்களைக் கொண்ட தாளொன்றை அமெரிக்காவின் விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்டனர். கல்லில்லாத நாட்களிலும் இந்நோயாளரின் வாழ்வில் ஒரு நிழல் படிந்திருக்கும் என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. பீப்சு தம் நாட்குறிப்பில் எழுதிய அச்சத்துக்கு இன்று அளவுகோல் கிடைத்திருக்கின்றது.

அவ்வச்சத்துக்கு மருந்து உண்டா? உண்டு; அது எளியதும்கூட. தடுப்பு முயற்சி எதுவும் இல்லையெனில், கல் வந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பத்தாண்டுக்குள் அது மீண்டும் வருகின்றது. இத்தாலி நாட்டுப் பார்மா நகரிற் போர்கி என்பாரும் குழுவினரும், முதன்முறை கல் கண்ட 199 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு இரண்டு இலீற்றருக்குக் குறையாமற் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் பருகியோருள் நூற்றுக்குப் பன்னிருவருக்கே கல் மீண்டது. வழக்கம் போல் இருந்தோருள் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மீண்டது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, நீர்க்குடம் ஒன்றே செய்த காரியம் இது.

அக்குழுவினரே 2002இல் மற்றொன்றையும் நிலைநாட்டினர். கல்லிற் கல்சியம் உண்டென்பதாற் பாலையும் தயிரையும் விலக்குவோர் பலர். சிறுநீரிற் கல்சியம் மிகுதியாகக் கழியும் 120 ஆடவரை அவர்கள் ஆராய்ந்தனர். கல்சியத்தைக் குறைத்தோரைக் காட்டிலும், அதனை வழக்கம் போல் உண்டு, உப்பையும் புலாலையும் குறைத்தோருக்கே கல் குறைவாக வந்தது. உப்பு மிகும்போது சிறுநீரிற் கல்சியமும் மிகுகின்றது. எனவே, கல் கண்டவர் முதலில் அளவு குறைக்க வேண்டியது மோரையன்று, கருவாட்டையும் ஊறுகாயையுமே. தேசிக்காய்ச் சாறு கலந்த நீர், உப்புச் சேராமற் பருகினால், நன்று. எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பி அதன் வகையை அறிதலும் நன்று. வகைக்கேற்பத் தடுப்பும் வேறுபடும்.

கடலிற் செல்வோர் தண்ணீர்க் கலத்தை வலையைப் போலவே தொழிற் கருவியாகக் கொள்ள வேண்டும். சிறுநீர் மங்கிய வைக்கோல் நிறத்தில் இருப்பின் நீர் போதும். தேநீர் நிறத்தில் இருப்பின் போதாது என எளிதில் அறியலாம். இருதய நோயோ சிறுநீரகப் பழுதோ உடையவர் மட்டும், எவ்வளவு பருகலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். விலா நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டாலும், சிறுநீர் நின்றுபோனாலும், மறுநாளைக்கென ஒத்திவையாது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நேயர்களே, முத்துக் குளித்த காலத்தில், காலிற் கல்லைக் கோத்துக் கடலடிக்கு இறங்கியவனின் உயிர் அவனிடம் இருக்கவில்லை. மேலே தோணியிற் கயிற்றைப் பிடித்து நின்றவன் கையிலேயே அது இருந்தது. அவனை மண்டாடி என்பர். குளிப்பவன் எத்துணைத் திறமையுள்ளவனாயினும், மண்டாடி விழிப்போடு கயிற்றை இழுத்தாலன்றி மேலே வரமாட்டான். கல் நீங்கிய நோயாளியும் அவ்வாறே. சத்திர வைத்தியர் தம் வேலையை ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றார். அதன்பின் கயிற்றைப் பிடிப்போர் பலர்: கிளினிக் நாளை நினைவூட்டும் தாதி, கறியில் உப்பைக் குறைக்கும் மனைவி, விலா ஆறும்வரை பாரம் தூக்க விடாத தொழிற்தோழர், வள்ளத்தில் இன்னொரு தண்ணீர்க் கலத்தை ஏற்றிவைக்கும் மகன்.

பீப்சு ஆண்டுக்கொருமுறை விருந்து வைத்துத் தம் விடுதலையைக் கொண்டாடினார். நம்மவரோ நாள்தோறும் ஒரு செம்பு நீரைக் கூடுதலாகப் பருகி அதனைக் கொண்டாடலாம்.